முப்பதாம் கோடு

1962 நவம்பர் 19, திங்கள்

விடியத் தூறல். எட்டு மணிக்கு வெளித்தது. தோணித்துறையில் கோலை நட்டாயிற்று.

கண்டல் கம்பு, ஆறடி. பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி அண்ணன்தான் தண்ணீரில் இறங்கி அடித்து இறக்கினார். இனி ஆனை வந்தாலும் அசைக்காது என்கிறார். போன ஆடியில் வாவித் தண்ணீர் எங்கே நின்றதோ அது பூச்சியம். அதற்கு மேலே அங்குலத்துக்கு ஒரு கோடு, வெள்ளை, தேவாலய ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். முப்பதாவது கோடு மட்டும் சிவப்பு. அது என் நகப்பூச்சு. கல்முனையில் ஆசைப்பட்டு வாங்கி இரண்டு வருடம். மருத்துவிச்சி கையில் பூச்சு ஆகாது என்று மூடி திறக்காமலே கிடந்தது. கோலுக்காவது உதவியதே.

ஏன் இந்தக் கோல்? வருடா வருடம் அதே சண்டை. மழை பெய்து வாவி நிரம்பும். கல்லாற்றில் ஆற்றுவாயை மணல் மூடிக் கிடக்கும், தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழி இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் செய்கிறவர்கள் "வெட்டுங்கோ, நெல்லு தாழுது" என்பார்கள். இந்தக் கரையில் வலை வைக்கிறவர்கள் "வெட்டாதீங்கோ, றால் இன்னும் குஞ்சு, எல்லாம் கடலுக்கு ஓடிரும்" என்பார்கள். போன வருடக் கூட்டத்தில் ஒருவர் தண்ணீர் முழங்கால் மட்டும் என்றார். மற்றவர் கண்டல் வேரில் மூன்றாவது கவடு இன்னும் நனையவில்லை என்றார். யாருடைய முழங்கால் என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையை நிறுக்காமல் "நல்ல பாரம்" என்று எழுதினால் மேலதிகாரி விடுவாரா?

நேற்று என் குசினியில் இரண்டு கட்சியையும் இருத்தினேன். வயல் கட்சிக்கு என் தம்பி அருள். பழுகாமத்தில் பெண் எடுத்தவன், அங்கே வயல்வட்டையில் மூன்று ஏக்கர் செய்கிறான், அதில் ஒன்று வாவியோரப் பள்ளக்காணி. வலைக் கட்சிக்குச் சின்னத்தம்பி அண்ணன். தண்ணீர் முப்பதைத் தொட்டால் வெட்டுவது, தொடாவிட்டால் வெட்டக் கேட்பதில்லை. குழந்தை நிறை எழுதும் தாளின் பின்பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்து. ஊர் அதிகாரி விதானையாரும் சரி என்று விட்டார். தாள் அருளிடம்.

அவன் இன்று தோணியில் திரும்பும்போது கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிறான்: "எத்தினை, அக்கா?"

"உன்ட மூக்குக்கு முன்னாலதானே நிக்குது. எட்டாம் வகுப்புப் படிச்சவன்தானே."

"நீ சொன்னாத்தான் கணக்கு."

இனி இப்படிக் குறிப்பேன். நீ. = கோலில் நீர். ம. = மழை, கூரையில் வைத்த பிஸ்கட் டின்னில் விழுந்த அளவு. கா. = காற்று, கண் மதிப்பு.

நீ. 14. ம. ¼. கா. இல்லை.


நவம்பர் 21, புதன்

நீ. 16. ம. 1. கா. கொஞ்சம், கிழக்கு.

காலையில் மூன்று வீடு. ஒரு தொப்புள் சீழ், கழுவி விட்டேன், சாம்பல் பூசிய மாமிக்கு ஏச்சு. சின்னத்தம்பி அண்ணன் பெண்சாதி பூமணிக்கு எட்டு மாதம் முடிகிறது. குழந்தை நல்ல இருப்பில். கால் வீக்கம் இல்லை. வாய்க்குத்தான் ஓய்வு இல்லை.

செய்ய வேண்டியவை: வெள்ளைச் சேலைக்கு நீலம். சைக்கிள் செயின். அரிசி டின்னில் வேப்பிலை மாற்ற (போன தடவை போட்டது காய்ந்து விட்டது, ஆனால் ஒரு வண்டுகூட இல்லை). பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால்.

ஒரு மானக்கேடு. குப்பைக் குழிக்குள் கை வைத்தால் சுடுகிறது. வாழையிலை, சாணம், மீன் செதில், இதற்குள் அடுப்பு எங்கிருந்து? எத்தனை பாகை என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. காய்ச்சல் பார்க்கும் தேர்மாமீட்டரை உள்ளே விட்டேன். அது நூற்றெட்டுக்கு மேல் ஏறாது என்பது கண்ணாடி வெடித்த பிறகு நினைவு வந்தது. பாதரசம் குப்பைக்குள் உருண்டோடி விட்டது. அகப்பட்டதைக் குப்பியில் பொறுக்கிப் போட்டு, அந்தப் பாகத்துக் குப்பையைத் தள்ளிப் புதைத்தேன். அதில் கீரை போடக்கூடாது.

மேலதிகாரியின் கந்தோருக்கு எழுத வேண்டும்: "கருவி உடைந்த விதம்." கை தவறி என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? எழுதினேன். பிறகு கிழித்தேன். "குப்பையின் சூட்டை அளந்தபோது" என்று எழுதி உறையில் போட்டாயிற்று. அங்கே சிரிக்கட்டும்.


நவம்பர் 25, ஞாயிறு

நீ. 21. ம. 2½ (இரண்டு நாளுக்கு). கா. இல்லை.

ஆராதனைக்கு நனைந்துகொண்டு போனேன். போதகரின் பிரசங்கம் நோவாவின் பேழை. மழை நாளில் பொருத்தமாக எடுத்தார். நாற்பது நாள் பெய்த மழை எத்தனை அங்குலம் என்று மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்ததில் ஜெபத்துக்கு எழும்ப மறந்து போனேன்.

வாவித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆடியில் குழம்பு மாதிரிக் கரித்தது. இன்று உப்பு மருந்துக்கும் இல்லை. ஒரு போத்தலில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் இறால் குஞ்சுகள். நகத்துண்டு நீளம். உடம்பு கண்ணாடி, கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. பூமணி வந்து பார்த்தாள். "பாவம் கா, எங்கட வலைக்கு வாறதுக்கு இதுக்கு எத்தினை நாள் செல்லும்?" தெரியவில்லை என்றேன். போத்தலைத் திரும்ப வாவியில் கவிழ்த்தோம்.


நவம்பர் 28, புதன்

நீ. 25. ம. 2. கா. இல்லை.

அருள் வந்தான். முழுக்க நனைந்து. தேத்தண்ணி இரண்டு கோப்பை, ரொட்டி நாலு. பள்ளக்காணியில் பயிர் பாதி தண்ணீரில் என்கிறான்.

"இன்னும் அஞ்சுதானே அக்கா?"

"அஞ்சுதான்."

"ரெண்டு நாள் பெய்ஞ்சாக் காணும்."

மழை வேண்டும் என்று கேட்கிற வயல்காரனை இன்றுதான் கண்டேன். அவன் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா அவனைப் பெற்று எட்டாம் நாள் காய்ச்சலில் போனா. நான் மருத்துவிச்சி ஆனதற்கு வேறு காரணம் சொல்வது உண்டு, உண்மைக் காரணம் அதுதான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு இன்னும் வயிறு நிறைகிறது.

போகும்போது அதே கேள்வி, அதே இடத்தில். இருபத்தைந்து என்று திரும்பச் சொன்னேன். தலையாட்டி விட்டுத் தோணியைத் தள்ளினான்.


நவம்பர் 30, வெள்ளி

நீ. 27. ம. நேற்று ¾, இன்று இல்லை. கா. வடக்கு, பலம்.

வாடை பிடித்து விட்டது. உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது. ஒரு தலையணை உறை வேலி தாண்டிப் போய்விட்டது, தேட வேண்டும்.


டிசம்பர் 1, சனி

நீ. 31!! ம. இல்லை. கா. வடக்கு, மிகப் பலம்.

சிவப்புக் கோடு தண்ணீருக்குள். மூன்று தரம் பார்த்தேன். அலை அடிக்கிறது, மேலும் கீழும் பார்த்து நடுவை எடுத்தேன். முப்பத்தொன்றுதான்.

எனக்குள் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். என் கோல் சொல்லி விட்டது, இனி முழங்கால் சண்டை இல்லை. சைக்கிளில் போய் விதானையாரிடம் சொன்னேன். திங்கள் காலை ஆற்றுவாய் வெட்டுவது என்று ஆயிற்று. அருளுக்கு ஆள் அனுப்பினேன். பின்னேரம் அவனே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கொண்டான். பள்ளக்காணியில் பயிரின் நுனி மட்டும்தான் தெரிகிறதாம்.

சின்னத்தம்பி அண்ணன் வேலியருகில் நின்றார். ஊரில் எல்லாருக்கும் போல அவருக்கும் மருத்துவிச்சி 'மிஸி'தான்.

"மிஸி, இது மழைத் தண்ணி இல்லை. காத்துத் தண்ணி. வாடை நிண்டா இறங்கிரும்."

"அண்ணன், தண்ணியில காத்துத் தண்ணி மழைத் தண்ணி எண்டு ரெண்டு சாதி இருக்கா? கையெழுத்து வைக்கேக்க இதைச் சொல்லல்லையே."

"அப்ப வாடை இல்லையே."

"முப்பத்தொண்டு எண்டா முப்பத்தொண்டுதான்."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் காரமாகத்தான் சொல்லி விட்டேன். தோல்வியைத் தாங்க முடியாமல் கதை கட்டுகிறார் என்றுதான் நினைக்கிறேன்.


டிசம்பர் 2, ஞாயிறு

நீ. 32. ம. இல்லை. கா. வடக்கு, மிகப் பலம்.

மூன்று நாளாக மழை இல்லை. டின்னில் ஒரு எறும்பு, அதுவும் காய்ந்து. தண்ணீர் மட்டும் ஐந்து அங்குலம் கூடியிருக்கிறது. எங்கிருந்து? நம் கிணற்றுக் கட்டில் ஒரு கல்லுக்குக்கூட நீர் ஏறவில்லை. ஆராதனை முழுக்க இதே யோசனை.

மத்தியானம் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டு வரும் காசீம் காக்கா. மாதத்துக்கு ஒருக்கால் வருகிறவர். வெள்ளைச் சேலை இரண்டு எடுத்தேன். எதிர்க்காற்று இல்லாமல் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் இருந்தார்.

"போகேக்கதான் மிஸி மௌத்து. இந்த வாடைக்குள்ள மிதிக்கணும்."

"உங்கட பக்கமும் வாவி ஏறிப் போச்சா?"

"ஏறுறதா? எங்கட வீட்டுக்குப் பின்னால படிக்கட்டு இருக்கில்லையா, வெள்ளிக்கிழமை கடைசிப் படி தண்ணிக்குள்ள. இண்டைக்கு விடிய அந்தப் படி முழுக்க வெளியில. புள்ளையள் சேத்துல நிண்டு நண்டு பிடிக்குதுகள்."

கையிலிருந்த சேலையைக் கீழே வைத்து விட்டேன். படி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். விரலை விரித்து ஒரு சாண் காட்டினார். இரண்டு தரம் கேட்டதில் அந்த மனிதர் பயந்து விட்டார்.

அதே வாவி. அங்கே வடக்கில் இறங்குகிறது, இங்கே தெற்கில் ஏறுகிறது. நடுவில் வாடை.

குழந்தை குளிப்பாட்டும் நீளத் தொட்டியை எடுத்தேன். சோப்புக் கறை ஒரே மட்டத்தில் கோடாக இருக்கிறது, அந்தக் கோடு வரை தண்ணீர். ஒரு தலைப்பில் நின்று சுளகால் விசிறு விசிறு என்று விசிறினேன். எதிர்த் தலைப்பில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு நூல் ஏறியது. என் பக்கம் ஒரு நூல் தாழ்ந்தது. உண்மையிலேயே தாழ்ந்ததா, நான் தாழ வேண்டும் என்று பார்த்தேனா, தெரியாது. ஆனால் கோலும் படிக்கட்டும் சுளகும் மூன்றும் ஒரே கதை சொல்லுகின்றன. பூமணி வாசலில் நின்று பார்த்து விட்டு, "மிஸிக்கு என்னகா நடந்த?" என்று கேட்டாள்.

உன் புருசன் சொன்னது சரி என்று அவளிடம் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம்.

நாளைக் காலை வெட்டு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாளில் காற்று என்ற சொல்லே இல்லை, முப்பது என்றுதான் இருக்கிறது. கோலில் முப்பத்திரண்டு நிற்கிறது. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அருளின் பள்ளக்காணி பிழைக்கும். இறால் போகும். சின்னத்தம்பி அண்ணன் வலையோடு கரையில் குந்தியிருப்பார். நான்தான் கையெழுத்து வாங்கினேன்.

அருளின் முகம் நேற்று எப்படி இருந்தது.

தலையணை உறை இன்னும் கிடைக்கவில்லை.


டிசம்பர் 3, திங்கள்

நீ. 32. ம. இல்லை. கா. வடக்கு.

இடியப்பம் அவித்து அருளுக்கு ஒரு பொதி கட்டி எடுத்துக்கொண்டு, விடிந்ததும் கல்லாற்றுக்குச் சைக்கிள். ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல். காற்று முதுகில் தள்ளியது. போகும் வழி எல்லாம் திரும்பி விடலாமா என்று இருந்தது.

ஆற்றுவாயில் நாற்பது பேர் வரை, மண்வெட்டியோடு. தேங்காய், கற்பூரம் எல்லாம் ஆயத்தம். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் அந்த மணல். வலைக்காரர் ஐந்தாறு பேர் தள்ளி நின்றார்கள். விதானையார் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"மிஸி, கோல் என்ன சொல்லுது?"

"முப்பத்திரண்டு. ஆனா வெட்டக் கூடாது."

"கோல் பிழையா?"

"கோல் சரி. நான்தான் பிழை."

காசீம் காக்காவின் படிக்கட்டைச் சொன்னேன். டின்னைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன். சுளகைச் சொன்னதும் சிரிப்பு. வாடை தண்ணீரைத் தெற்கே தள்ளி வைத்திருக்கிறது, வாவி சரிந்து நிற்கிறது, நிறையவில்லை, காற்று விழுந்தால் இறங்கும் என்றேன். சின்னத்தம்பி அண்ணன் மெல்லச் சொன்னார், "இதைத்தானே நான் முந்தநாள் சொன்னன்."

"ஓம். சொன்னார். நான் கேக்கல்லை." இதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

அருள் மண்வெட்டியைக் கீழே போட்டு விட்டு என்னிடம் வந்தான்.

"காத்துத் தண்ணியோ மழைத் தண்ணியோ, நெல்லுக்கு மூக்கு ஒண்டுதான் அக்கா. தண்ணிக்குள்ள தாண்டா மூச்சு முட்டும்."

கையிலிருந்த இடியப்பப் பொதியை நீட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"முப்பது எண்டு எழுதினது ஆரு?"

"நான்தான்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நாலாக மடித்து என் கையில் வைத்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மடித்த விதம்தான் தாங்கவில்லை, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி, சின்ன வயதில் நான் அவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் மடித்துக் கொடுத்த மாதிரியே.

விதானையார் முடிவு: மூன்று நாள் பொறுப்பது. வாடை விழுந்தும் முப்பது இருந்தால் வெட்டுவது. வயல்காரர் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். "பொம்புளை கோல் பிடிச்சா இப்பிடித்தான்" என்று யாரோ. திரும்பிப் பார்த்தேன், நான் பிறப்பித்த பிள்ளையின் தகப்பன். பார்த்ததும் அவனுக்கு மணலில் ஏதோ தேட இருந்தது.

இடியப்பப் பொதியை அருள் வாங்கவில்லை. எதிர்க்காற்றில் அதையும் கட்டிக்கொண்டு ஐந்து கட்டை மிதித்தேன். மௌத்து என்று காக்கா சொன்ன சாவு இதுதான்.


டிசம்பர் 5, புதன்

நீ. 26. ம. இல்லை. கா. விழுந்து விட்டது.

ஆறு அங்குலம் இறங்கியிருக்கிறது. ஒரு சொட்டும் கடலுக்குப் போகவில்லை. கணக்கு சரி வந்தால் எனக்கு எப்போதும் ஒரு துள்ளல் வரும். இன்று வரவில்லை.

சின்னத்தம்பி அண்ணன் ஒரு ஓலைப்பெட்டி இறால் வைத்து விட்டுப் போனார். கறி வைத்தேன். முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும், நல்ல ருசி. பாதிக்கு மேல் இறங்கவில்லை, பூமணியிடம் கொடுத்தேன்.

அருளின் தோணி காலையில் துறைக்கு வந்ததாம், உரப்பை இறக்க. நான் நிறுவைக் கிளினிக்கில். கோலைத் தானே பார்த்தான், ஒருவரிடமும் கேட்கவில்லை என்று பூமணி சொன்னாள். வீட்டுக்கு வரவில்லை.


டிசம்பர் 7, வெள்ளி

நீ. 27. ம. 1½. கா. இல்லை.

பின்னேரம் மழை பிடித்தது. வானம் முழுக்க ஒரே சாம்பல். இது விடுகிற மழை இல்லை.


டிசம்பர் 8, சனி

நீ. 29. ம. 4. கா. இல்லை.

டின் நிரம்பி வழிந்திருக்கிறது, நாலுக்கு மேலேயும் இருக்கலாம். கிணற்றுக் கட்டில் மூன்று கல் ஏறி விட்டது. இந்த முறை காற்று இல்லை. விதானையாரிடம் போனேன். இன்னும் ஒரு அங்குலம் இருக்கே மிஸி என்றார். என் வாயாலேயே என்னைக் கட்டிப் போட்டிருக்கிறேன்.


டிசம்பர் 9, ஞாயிறு

நீ. 31. ம. 3. கா. இல்லை.

மெய்யான முப்பத்தொன்று. நாளை வெட்டு. தேவாலயத்துக்குப் போகவில்லை.


டிசம்பர் 10, திங்கள்

வெட்டியாயிற்று. நான் போகவில்லை, மூன்று கட்டை தூரத்தில் ஒரு பிரசவம், ஆண், 7 பவுண்ட். மத்தியானமே துறையில் தண்ணீர் தெற்கே இழுத்தது, வைக்கோல், தேங்காய் மட்டை எல்லாம் ஒரே பக்கம் போயின. வலைக்காரர்களும் மண்வெட்டி பிடித்தார்களாம். இறால் இப்போது சுண்டுவிரல் நீளம், போதும் என்கிறார்கள்.


டிசம்பர் 13, வியாழன்

நீ. 15. ம. இல்லை. கா. இல்லை.

பொறுக்க முடியாமல் சின்னத்தம்பி அண்ணனின் தோணியில் அக்கரைக்குப் போனேன். வட்டைக்குள் நடந்தேன், சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. மேட்டு ஏக்கர் இரண்டும் பச்சை. பள்ளக்காணி மஞ்சள், சேறு பூசி, தொட்டால் கையோடு வருகிறது. அழுகல் மணம்.

அருள் வரம்பில் நின்றான். பக்கத்தில் ஒரு கம்பு நட்டிருக்கிறது. கத்தியால் வெட்டிய கோடுகள், அங்குலத்துக்கு ஒன்று. நாளுக்கு ஒரு நூல் கட்டியிருக்கிறான்.

"மழையும் சேந்து எட்டாம் திகதி தண்ணிக்குள்ள முழுக்கத் தாண்டது. பள்ளத்துல நிண்டது வடிஞ்சு இண்டைக்குத்தான் தலை தெரிஞ்சது. ஆறு நாள்." நூல்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். "மூண்டாம் திகதி வெட்டியிருந்தா வாவி அப்பவே வத்தியிருக்கும். இந்த மழை அப்பிடியே கடலுக்கு ஓடியிருக்கும். என்ட கணக்கு பிழையா?"

நானும் இதே கணக்கை ஒன்பதாம் திகதியே போட்டு விட்டேன். எத்தனை விதமாய்ப் போட்டாலும் ஒரே விடை.

"இல்லை மனே. கணக்கு சரி. அண்டைக்கு வெட்டியிருந்தா இது பிழைச்சிருக்கும்."

அவன் எதிர்பார்த்தது அது இல்லை போல. குனிந்து என் செருப்பைச் சேற்றுக்குள் கையை விட்டு எடுத்து, வரம்பில் தட்டி வைத்தான். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை.

திரும்பும்போது தோணியில் அழுதேன். சின்னத்தம்பி அண்ணன் என் பக்கம் கிறுகிப் பார்க்காமல் தண்டு வலித்தார். கரை வந்ததும் கேட்டார்: "அந்த மேட்டுக்காணியில பயிர் நெருக்கமாக் கிடக்கு. பிடுங்கி இதுக்குள்ள நட்டா வராதா மிஸி?"

"வரும். ஆள் வேணும். ஒரு ஏக்கர் எண்டா சும்மா இல்லை."

"ம்" என்றார்.


டிசம்பர் 15, சனி

நீ. 12. மழை, காற்று இல்லை.

கந்தோரிலிருந்து புதுத் தேர்மாமீட்டர். கூடவே ஒரு துண்டு: "குப்பையில் உபயோகிக்க வேண்டாம்." யாரோ சிரித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். நானும் சிரித்தேன், பத்து நாளைக்குப் பிறகு.

துறையில் தோணி ஒன்றையும் காணவில்லை. வலைக்காரர் ஏழு பேர் விடியவே அக்கரைக்குப் போனார்களாம், வலை இல்லாமல். பூமணி சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "சேத்துக்குள்ள கால் வைச்சறியாத மனிசன் கா. நாத்து நடப் போயிருக்காராம்."


டிசம்பர் 17, திங்கள்

காலை எட்டு மணி, பூமணிக்கு வலி. சின்னத்தம்பி அண்ணன் மூன்றாம் நாளாக அருளின் வயலில். ஆள் அனுப்பினேன். பதினொன்றே காலுக்குப் பெண். 6 பவுண்ட் 10 அவுன்ஸ். அழுகை நல்ல பலம், தாயைப் போல. கிழிவு இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அருளின் தோணி பறந்துகொண்டு வந்தது. சின்னத்தம்பி அண்ணன் துறை வரும் முன்பே குதித்து, இடுப்பு மட்டும் சேற்றோடு வீட்டுக்குள் ஓடினார். கழுவிப் போட்டுத்தான் பிள்ளையைத் தொட வேணும் என்று கத்தினேன். முக்கால் ஏக்கர் நட்டாயிற்றாம். முதல் நாள் நட்டதெல்லாம் ஆழம் கூடி, அருள் பிடுங்கித் திரும்ப நட்டானாம், இதை அவரே பெருமையாகச் சொல்கிறார். முப்பது வேண்டாம், காற்று இல்லாத நாளில் இருபத்தெட்டு என்று வைப்போம் என்று வயலில் நின்றே பேசி விட்டார்களாம். யார் முதலில் சொன்னது என்று கேட்டேன். உங்கட தம்பிதான் மிஸி, நான் ஓம் எண்டன் என்றார்.

பிள்ளைத் துணிகளை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினேன். அருள் இன்னும் போகவில்லை. தோணியில் நின்றபடி ஒரு கையால் கோலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கோடுகள் அவன் கைக்குக் கீழே, ஒரு முழம் இல்லை.

என்னைப் பார்க்காமல் கேட்டான்: "எத்தினை, அக்கா?"

துணியைப் படியில் வைத்து விட்டு, குனிந்து, நன்றாகப் பார்த்துச் சொன்னேன். பதினொன்று. காற்று இல்லை.